சேஜ் இலை: ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது ஒன்று, பாக்டீரியாவைத் தடுப்பது வேறொன்று

கேள்வி இதுதான்: சேஜ் எனப்படும் மருத்துவச் சால்வியாவுக்கு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் குணமும் பாக்டீரியாவை எதிர்க்கும் குணமும் சேர்ந்தே இருப்பதாகப் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? உண்மையானால் டீ போட்டுக் குடிப்பதா, எண்ணெயாக வாங்குவதா? எல்லாச் சால்வியாவுக்கும் இது பொருந்துமா?

இரண்டு குணமும் உண்மைதான். ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டவை. ஆனால் கட்டுரைகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவதால் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துவிடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் இலையிலுள்ள வெவ்வேறு பொருள்கள் செய்கின்றன. அவற்றில் சில தண்ணீரில் இறங்கும், சில ஆல்கஹாலில் மட்டும் இறங்கும், சில ஆவியோடு போய்விடும். ஆகவே இலையை எப்படிப் பக்குவம் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கைக்கு வருவது எந்தக் குணம் என்பது முடிவாகும். டீ குடிப்பவருக்குக் கிடைப்பதும் எண்ணெய் பூசுபவருக்குக் கிடைப்பதும் ஒரே சேஜ் அல்ல.

முதலில் செடியைத் தெளிவாக்கிக்கொள்வோம். சால்வியா பேரினத்தில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உண்டு. துளசி, புதினா, தைம், ஒரிகனோ எல்லாம் அடங்கிய லேமியேசியே குடும்பம்தான் இதற்கும். மருந்துநூல்கள் வெறுமனே 'சேஜ்' என்று சொன்னால் அது பெரும்பாலும் சால்வியா அஃபிசினாலிஸ். அட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவும் பால்கன் பகுதியும் அதன் தாயகம். கிரேக்கத்திலும் துருக்கியிலும் சேகரிக்கப்படுவது சால்வியா ஃப்ரூட்டிகோசா. ஸ்பெயினில் லாவண்டுலிஃபோலியா. வாசனைத் தொழிலுக்குப் போவது ஸ்கிளேரியா. சீன மருத்துவத்தின் டான்ஷென் என்பது மில்டியோரைசா. அதில் மருந்தாவது சிவந்த வேர். கலிஃபோர்னியாவின் வெள்ளைச் சேஜ் அபியானா. கடையில் சியா விதை என்று விற்பதும் ஒரு சால்வியாதான், ஹிஸ்பானிகா. 2017இல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் ரோஸ்மேரியையும் இந்தப் பேரினத்துக்குள் சேர்த்து சால்வியா ரோஸ்மரைனஸ் என்று பெயர் மாற்றினார்கள். வேதியியல் தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் முக்கியப் பொருள்கள் ரோஸ்மேரியிலும் சேஜிலும் ஒன்றேதான்.

அஃபிசினாலிஸ் இலையில் நம் கேள்விக்குத் தேவையான பொருள்களை மூன்று கூட்டமாகப் பார்க்கலாம். முதலாவது, தண்ணீரில் கரையும் ஃபீனாலிக் அமிலங்கள். இவற்றின் தலைவர் ரோஸ்மரினிக் அமிலம். 1958இல் இத்தாலிய வேதியியலர்கள் ரோஸ்மேரியிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். லூட்டியோலின் போன்ற ஃபிளேவனாய்டுகளின் சர்க்கரை சேர்ந்த வடிவங்களும் இதே கூட்டத்தில் வரும். இரண்டாவது, கொழுப்பில் கரையும் டைட்டர்பீன் ஃபீனால்கள்: கார்னோசிக் அமிலமும் அதன் பிள்ளையான கார்னோசாலும். மூன்றாவது, ஆவியாகும் எண்ணெய்: தூஜோன், கற்பூரம், 1,8-சினியோல், போர்னியால், ஹ்யூமுலீன் முதலியவை. இலையை விரலால் கசக்கும்போது மூக்கில் ஏறுவது இந்த மூன்றாவது கூட்டம் மட்டுமே. இலையின் மேல் தெரியும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் அது சேமிக்கப்பட்டிருக்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் கதை மருத்துவத்தில் தொடங்கவில்லை, கொழுப்பில் தொடங்கியது. எண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போட உணவுத் தொழிலுக்கு வழி தேவைப்பட்டது. 1952இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 32 மசாலாப் பொருள்களைப் பன்றிக் கொழுப்பில் கலந்து சோதித்தார்கள். எல்லாவற்றையும் விட நன்றாகத் தாக்குப்பிடிக்க வைத்தவை ரோஸ்மேரியும் சேஜும். அதற்கு முன்பே, 1942இல், கார்னோசால் ஒரு சால்வியாவிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. அமைப்பு தெளிவானது அறுபதுகளில். 1977இல் இந்த இரண்டு செடிகளிலிருந்தும் வாசனையும் நிறமும் நீக்கிய ஆன்டிஆக்ஸிடன்டைத் தயாரிக்கும் முறை வெளியானது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ரோஸ்மேரி வடிசாறு இ392 என்ற எண்ணில் அனுமதிக்கப்பட்ட உணவுச் சேர்மானம். 2010இல் அனுமதி வந்தபோது அதன் அளவைக் கணக்கிட எதை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? கார்னோசிக் அமிலம், கார்னோசால் இரண்டின் கூட்டுத்தொகையை. குணம் எந்தப் பொருளில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

இவை எப்படி வேலை செய்கின்றன? கொழுப்பு கெடுவது ஒரு சங்கிலி வினை. ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கும் ஒரு மூலக்கூறு, அதாவது ஃப்ரீ ராடிக்கல், பக்கத்துக் கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது தானும் ராடிக்கலாகி அடுத்ததைப் பிடிக்கிறது. கார்னோசிக் அமிலத்தின் வளையத்தில் அடுத்தடுத்த இரண்டு கரிமங்களில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் குழுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ரோஸ்மரினிக் அமிலத்தில் அப்படிப்பட்ட இணை இரண்டு. இந்த இடங்களிலிருந்து ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுச் சங்கிலியை அறுக்க முடியும். கொடுத்தபின் மிஞ்சும் ராடிக்கல் ஓரளவு நிலையானது, அடுத்தவரைக் கடிக்காது. கார்னோசிக் அமிலத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது ஆக்சிஜனேற்றமடைந்து உருமாறும்போது பிறக்கும் கார்னோசால் முதலிய பொருள்களுக்கும் இதே திறன் இருப்பதால் வேலை ஒரு சுற்றோடு முடிந்துவிடுவதில்லை. இரும்பு, தாமிர அயனிகளைக் கட்டிப்போடுவதும் இந்த இணை ஹைட்ராக்சிலின் உபரி வேலை. அந்த அயனிகள்தான் பல நேரம் சங்கிலியைத் தொடங்கிவைப்பவை.

செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. வறட்சியிலும் கடும் வெயிலிலும் இலையின் பசுங்கணிகங்களில் ஆக்சிஜன் சார்ந்த சேதம் கூடும். அங்கே கார்னோசிக் அமிலம் செலவழிந்து அதன் ஆக்சிஜனேற்ற வடிவங்கள் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மத்தியதரைக் கோடையைத் தாங்கும் செடிக்கு இப்படியொரு கையிருப்பு தேவைதான்.

இனி, ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை டிபிபிஹெச் சோதனையை நம்புகின்றன. டிபிபிஹெச் என்பது ஆழ்ந்த ஊதா நிறமுள்ள, தானே நிலைத்து நிற்கும் ஒரு ராடிக்கல். சாற்றைச் சேர்த்தால் ஊதா மறைந்து மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு மங்கியது என்று அளந்தால் கணக்கு முடிந்தது. ஏபிடிஎஸ், ஃப்ராப், ஃபோலின் சோதனைகளும் இதே போலக் குப்பிக்குள் நிறம் மாறுவதை அளப்பவை. மலிவானவை, விரைவானவை, அதனாலேயே பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் இவை இல்லாத தாவரமே இல்லை. சேஜ் இவற்றில் நன்றாகவே மதிப்பெண் வாங்குகிறது. ஆனால் டிபிபிஹெச் உடலில் எங்கும் கிடையாது. சோதனை நடப்பதும் மெத்தனாலில். அங்கே வாங்கிய மதிப்பெண்ணை இரத்தக்குழாய்க்குள் எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. இதே வகைச் சிக்கலால்தான் அமெரிக்க வேளாண் துறை ஓராக் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலை 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. வணிகர்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், அவற்றுக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை என்பது அது சொன்ன காரணம்.

உடலுக்குள் நடப்பது வேறு கதை. குடித்த ரோஸ்மரினிக் அமிலத்தில் முழு வடிவில் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. குடல் பாக்டீரியாக்கள் அதை காஃபெயிக் அமிலம் போன்ற சிறு துண்டுகளாக உடைத்தபின் அவைதான் உறிஞ்சப்படுகின்றன. கார்னோசிக் அமிலத்தில் சுவாரசியமான திருப்பம் ஒன்று இருக்கிறது. அது ஆக்சிஜனேற்றமடைந்து குயினோனாக மாறும்போது, செல்லுக்குள் கீப்1 என்ற புரதத்தின் கந்தகப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் விடுபடும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் உட்கருவுக்குள் சென்று, குளுட்டதயோன் தயாரிக்கும் நொதிகளையும் வேறு பல தற்காப்பு நொதிகளையும் இயக்குகிறது. அதாவது சேஜின் பொருள் தானே சண்டை போடுவதைவிட, செல்லின் சொந்தப் படையைத் தட்டி எழுப்புவதுதான் உடலில் அது செய்யக்கூடிய பெரிய வேலையாக இருக்கலாம். இது செல் வளர்ப்புகளிலும் எலிகளிலும் காட்டப்பட்டது. மனிதரில் சிறு ஆய்வுகளே உண்டு. போர்த்துகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான பெண்கள் நான்கு வாரம் தினமும் இரண்டு வேளை 300 மில்லிலிட்டர் சேஜ் டீ குடித்தார்கள். எல்டிஎல் கொழுப்பு குறைந்தது, இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான நொதிகளின் செயல்பாடு கூடியது. நல்ல செய்தி. பங்கேற்றவர்கள் ஆறு பேர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி பாக்டீரியா.

இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாக்டீரியாக்களுக்குள் உள்ள பிரிவு. ஸ்டஃபைலோகாக்கஸ், பேசில்லஸ், லிஸ்டீரியா போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகளைச் சேஜ் வடிசாறுகளும் எண்ணெயும் ஓரளவு நன்றாகத் தடுக்கின்றன. ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. சூடோமோனாஸிடம் பெரும்பாலும் தோல்விதான். காரணம் எளிது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு, கொழுப்பில் கரையும் பொருள்களை எளிதில் உள்ளே விடாது. தப்பி உள்ளே வந்ததையும் வெளித்தள்ளும் பம்புகள் பிடித்து வெளியே அனுப்பிவிடும்.

உள்ளே நுழைய முடிந்த இடத்தில் என்ன நடக்கிறது? எண்ணெயிலுள்ள தூஜோன், கற்பூரம் போன்ற டர்பீன்கள் பாக்டீரியாவின் செல் சவ்விலுள்ள கொழுப்பு அடுக்கில் போய்ச் செருகிக்கொள்கின்றன. சவ்வு தளர்கிறது, பொட்டாசியம் அயனிகள் கசிகின்றன, ஆற்றல் தயாரிப்பு குலைகிறது. ஒரு குறிப்பிட்ட நொதியைக் குறிவைத்துத் தாக்கும் பெனிசிலின் போன்ற மருந்துக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. பல இடங்களில் ஒரே நேரத்தில் இடிப்பதால் இதற்கு எதிராகப் பாக்டீரியா எதிர்ப்பாற்றல் வளர்த்துக்கொள்வது கடினம் என்பது சாதகம். பாதகம் என்னவென்றால், இந்த முரட்டுத்தனம் நம் செல் சவ்வுகளையும் விட்டுவைப்பதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போக முடியாது.

அளவு என்றதும் எண்களுக்கு வருவோம். பாக்டீரியா வளராமல் நிறுத்தத் தேவையான குறைந்தபட்சச் செறிவை எம்ஐசி என்கிறார்கள். பெனிசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸை நிறுத்த மில்லிலிட்டருக்கு 0.12 மைக்ரோகிராமோ அதற்கும் கீழோ போதும். தனியாகப் பிரித்த கார்னோசாலும் கார்னோசிக் அமிலமும் அதே இனத்துக்கு எதிராக 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை கேட்கின்றன. ஒரு தாவரப் பொருளுக்கு இது நல்ல எண்தான். சேஜ் எண்ணெய்க்கோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேண்டியிருக்கிறது, அதாவது ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம். உணவு நுண்ணுயிரியல் பார்வையில் நறுமண எண்ணெய்களை ஒப்பிட்டு 2004இல் வந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று ஒரிகனோ, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை முன்வரிசையில் வைத்தது. தைமும் புதினாவும் அடுத்து. சேஜ் கடைசி வரிசையில். தைமிலும் ஒரிகனோவிலும் தைமால், கார்வக்ரால் என்ற ஃபீனால்கள் எண்ணெயிலேயே இருக்கின்றன. சேஜ் எண்ணெயில் அப்படி எதுவும் பெரிதாகக் கிடையாது. அதன் ஃபீனால்கள் ஆவியாகாத கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. 'சேஜ் எண்ணெய் சக்திவாய்ந்த கிருமிநாசினி' என்ற விளம்பர வரியை இந்த ஒரு ஒப்பீட்டோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி, வட்டச் சோதனை. பாக்டீரியா பரப்பிய அகர் தட்டின் மேல் எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைத்து, சுற்றிலும் வளராமல் போன வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் வட்டத்தின் அளவு பொருளின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. அது அகருக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. தண்ணீரில் கரையாத எண்ணெய் பரவாது. ஒரு பகுதி ஆவியாகித் தட்டின் மூடி வரை போகும். ஆகவே சிறிய வட்டம் என்றால் பலவீனம் என்றோ, பெரிய வட்டம் என்றால் பலம் என்றோ முடிவுகட்ட முடியாது. 2005இல் ஸ்பெயினின் இரு ஆய்வாளர்கள் இந்தத் துறைக்கே ஒரு கடிவாளம் போட முயன்றார்கள்: வடிசாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேலும், தனிப்பொருள் 0.1 மில்லிகிராமுக்கு மேலும் தேவைப்பட்டால் அதை நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் என்று கொண்டாடாதீர்கள் என்றார்கள். என் கருத்தில் அது நியாயமான கோடு. அந்தக் கோட்டை வைத்து அளந்தால் 'பாக்டீரியாவைக் கொல்லும் மூலிகை' என்ற தலைப்போடு வரும் கட்டுரைகளில் பாதி உதிர்ந்துவிடும். கார்னோசாலும் கார்னோசிக் அமிலமும் உதிராது.

அந்த இரண்டுக்கும் இன்னொரு பயன் உண்டு, அதுதான் எனக்கு எதிர்காலம் உள்ளதாகத் தெரிகிறது. எதிர்ப்பாற்றல் பெற்ற ஸ்டஃபைலோகாக்கஸ் பல, மருந்தை வெளித்தள்ளும் பம்புகளை வைத்துத்தான் பிழைக்கின்றன. கார்னோசிக் அமிலத்தைத் தானாகக் கொல்ல முடியாத குறைந்த அளவில் சேர்த்தபோது, எரித்ரோமைசின் போன்ற பழைய ஆன்டிபயாட்டிக்கின் வீரியம் பலமடங்கு திரும்பி வந்ததைக் குப்பிச் சோதனைகள் காட்டின. பம்பின் வேகத்தை அது குறைக்கிறது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத என்டெரோகாக்கஸ் பாக்டீரியாவிலும் கார்னோசால் சில ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் துணைபோவதாக ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. தனியே நின்று போராடும் மருந்தாக அன்றி, வேறொரு மருந்துக்குத் துணையாக இருப்பதே இதற்குப் பொருத்தமான வேடம். மருந்தாகி வெளிவர இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

இப்போது டீயா எண்ணெயா என்ற கேள்விக்கு வரலாம். மேலே சொன்னவற்றிலிருந்தே பதில் விழுந்துவிடுகிறது. கொதிநீரில் ஊறவைத்தால் ரோஸ்மரினிக் அமிலமும் ஃபிளேவனாய்டுகளும் நன்றாக இறங்கும், எண்ணெயில் ஒரு பங்கு இறங்கும். கார்னோசிக் அமிலம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும். ஆகவே டீ என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் பானம். பாக்டீரியாவை எதிர்ப்பதில் பலவீனமானது. ஆவியில் வடித்த எண்ணெய் இதற்கு நேர்மாறு. ஃபீனால்கள் எல்லாம் கொப்பரைக்குள் கிடக்கும் இலையோடு நின்றுவிட, டர்பீன்கள் மட்டும் வந்து சேர்கின்றன. டிபிபிஹெச் சோதனையில் சேஜ் எண்ணெய் வாங்கும் மதிப்பெண் பெரும்பாலும் பரிதாபமானது, பாக்டீரியாவிடம் ஓரளவு வேலை செய்யும். வடித்து முடித்த சக்கையிலிருந்து ஆல்கஹாலாலோ அசிட்டோனாலோ கார்னோசிக் அமிலத்தைப் பிரிக்கலாம் என்பது தொழிலுக்குத் தெரிந்த பழைய தந்திரம். இரண்டு குணமும் ஒரே புட்டியில் வேண்டுமானால் ஆல்கஹால் கலந்த நீரில் எடுத்த வடிசாறுதான் நெருங்கி வருகிறது. உயரழுத்தக் கார்பன் டை ஆக்சைடில் எடுப்பதும் கார்னோசிக் அமிலத்துக்கு ஏற்றது, ஆனால் ரோஸ்மரினிக் அமிலத்தை விட்டுவிடும்.

இலைக்கு இலையும் ஒன்றாக இருப்பதில்லை. டால்மேஷிய சேஜ் எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 9909 தரநிலை ஆல்ஃபா தூஜோனுக்கு அனுமதிக்கும் வரம்பு 18 முதல் 43 விழுக்காடு, கற்பூரத்துக்கு 4.5 முதல் 24.5, சினியோலுக்கு 5.5 முதல் 13. தரநிலைக்குள்ளேயே இவ்வளவு அகலம். பூக்கும் முன் பறித்ததா பின் பறித்ததா, எந்த மண், எப்படி உலர்த்தியது என்பதையெல்லாம் பொறுத்து எண்ணெய் மாறுகிறது. இரண்டு ஆய்வகங்கள் ஒரே செடியைப் பற்றி எதிரெதிர் முடிவு சொன்னால் உடனே ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். அவர்கள் கையில் இருந்தவை இரண்டு வெவ்வேறு திரவங்களாக இருந்திருக்கலாம்.

மனிதரிடம் சேஜ் உண்மையாகவே கைகொடுத்த இடம் எது என்று கேட்டால், தொண்டையும் வாயும் என்பேன். அங்கே உறிஞ்சப்பட வேண்டிய அவசியமே இல்லை. பொருள் நேரடியாகப் படுகிறது, அடர்த்தியாகவே படுகிறது. ஃபீனால்களின் துவர்ப்பும் வீக்கத்தைத் தணிக்கும் தன்மையும் எண்ணெயின் பாக்டீரியா எதிர்ப்பும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2006இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில் 15 விழுக்காட்டுச் சேஜ் ஸ்பிரே, தொண்டை அழற்சி வலியைப் போலி மருந்தைவிட நன்றாகக் குறைத்தது. வித்தியாசம் முதல் இரண்டு மணிநேரத்திலேயே தெரிந்தது. 2009இல் 150க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சுவிஸ் ஆய்வில் எக்கினேசியா என்ற மூலிகையும் சேஜும் கலந்த ஸ்பிரே, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் லிடோகேன் என்ற மரப்பு மருந்தும் கலந்த ஸ்பிரேக்குச் சளைக்கவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை சேஜ் இலையை வாய், தொண்டை அழற்சி, லேசான செரிமானத் தொல்லை, அதிக வியர்வை, தோலின் சிறு அழற்சி ஆகியவற்றுக்குப் பாரம்பரியப் பயன்பாடு என்ற தகுதியில் ஏற்றுக்கொள்கிறது. அதாவது நீண்டகாலப் பழக்கத்தை வைத்து ஏற்கிறது. முழு மருத்துவச் சோதனைகளால் நிரூபணமானது என்று அது சொல்லவில்லை. கொப்பளிக்க 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2.5 கிராம் இலை என்பது அதன் அளவு. காய்ச்சலோடு, சீழோடு வரும் தொண்டை வலிக்கு இது மாற்று மருந்து ஆகாது. அங்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

இனி தூஜோன். சேஜைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நரம்பு மண்டலத்தில் காபா என்ற வேதித்தூதுவர்தான் பிரேக். ஆல்ஃபா தூஜோன் அந்தக் காபா ஏற்பிகளை அடைத்துவிடுகிறது என்று 2000ஆம் ஆண்டு தெளிவானது. பிரேக் இல்லாமல் போனால் வலிப்பு. சேஜ் எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பிய முகமை ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் தூஜோனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. தூய சேஜ் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு தூஜோன் என்றால், ஒரு சொட்டே அந்த வரம்பைத் தொட்டுத் தாண்டிவிடக்கூடும். இலைக்குக் கொடுத்த அங்கீகாரத்தை அந்த முகமை எண்ணெய்க்குக் கொடுக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. 'உள்ளுக்கு இரண்டு சொட்டு' என்று யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள், அது எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும் சரி.

டீயில் நிலைமை வேறு. 2011இல் சந்தை மாதிரிகளை அளந்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் லிட்டருக்குச் சராசரியாக 4 மில்லிகிராம் சொச்சம் தூஜோனைக் கண்டார்கள். நாளொன்றுக்கு 2 முதல் 6 கோப்பை வரை வரம்புக்குள் அடங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்வதும், மாதக்கணக்கில் தொடராமல் இரண்டு வாரத்தோடு விடுவதும் நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருந்தளவில் எடுக்க வேண்டாம். சமையலில் வாசனைக்கு நாலு இலை போடுவது இந்தக் கணக்கில் வராது.

கடைசியாக, எல்லாச் சால்வியாவுக்கும் இது பொருந்துமா என்ற பகுதி. பொருந்தாது. ஃப்ரூட்டிகோசாவில் சினியோல் மிகுதி, தூஜோன் குறைவு. லாவண்டுலிஃபோலியாவில் தூஜோன் ஏறக்குறைய இல்லை. டீக்கு இவை அஃபிசினாலிஸை விடப் பாதுகாப்பான தேர்வு, ஃபீனால் வளத்திலும் குறைவில்லை. ஸ்கிளேரியா எண்ணெயில் பெரும்பங்கு லினலைல் அசிட்டேட், அது வாசனைக்கு. சியா விதையில் ஃபீனாலிக் அமிலங்கள் கொஞ்சம் உண்டென்றாலும், அதை உண்பது ஒமேகா-3க்கும் நார்ச்சத்துக்கும். இலையைப் பற்றிய பாக்டீரியா ஆய்வுகளை அதன் பாக்கெட்டில் அச்சிடுவது ஏமாற்று. சால்வியா டிவினோரம் மனமயக்கம் தரும் சால்வினோரின் ஏ கொண்டது, இந்தப் பேச்சிலேயே சேராது.

டான்ஷென் தனிப் பிறவி. அதன் வேரில் சால்வியனோலிக் அமிலங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் வேலையைப் பார்க்கின்றன. வேருக்குச் சிவப்பு தரும் டான்ஷினோன்கள் பாக்டீரியாவைப் பார்த்துக்கொள்கின்றன, குறிப்பாகக் கிரிப்டோடான்ஷினோன் கிராம் பாசிட்டிவ் வகைகளிடம் நன்றாக எடுபடும். ஆக, இங்கும் அதே பங்கீடு: நீரில் கரைவது ஒன்று, கொழுப்பில் கரைவது மற்றொன்று. ஆனால் வார்ஃபரின் எடுப்பவர் டான்ஷெனைத் தொடவே கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் விளைவு எகிறி இரத்தக்கசிவில் முடிந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

வாங்கும்போது 'சேஜ் வடிசாறு' என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. முழு இலத்தீன் பெயர், இலையா வேரா, எந்தக் கரைப்பானில் எடுத்தது, கார்னோசிக் அமிலம் அல்லது ரோஸ்மரினிக் அமிலம் எத்தனை விழுக்காடு, தூஜோன் எவ்வளவு: இவ்வளவும் லேபிளில் இருந்தால்தான் ஆய்வில் படித்த குணத்தை அந்தப் புட்டியில் தேடலாம்.